பள்ளித் தோட்டமும் பனிக்காலப் பயிரும்



பள்ளித் தோட்டத்தில் மழைக் காலத்திலும் அதனைத் தொடர்ந்து வரும் பனிக் காலத்திலும் எதனை நடலாம் என்பதே நாம் இன்று ஆராயவிருக்கும் பொருள். கேட்பதற்கு எளிய வினாவாகவே இது தோன்றும். கடைக்குச் சென்று ஐந்தாறு விதைப் பொட்டலங்களை வாங்கி வந்து, மண்ணைக் கொத்தித் தூவிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவோரும் உண்டு. அவ்வாறு தொடங்கப்பெற்ற தோட்டங்கள் பல, ஐப்பசி அடைமழையில் பாதி அழுகி, அரையாண்டு விடுமுறையில் மீதியும் வாடிப்போகின்றன. ஆகவே, எதனை நடுவது என்பதற்கு முன்பாக வேறு மூன்று வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். எப்பொழுது நடுவது? எத்தனை நாளில் அது பயன் தரும்? அந்தப் பயன் யாரைச் சென்று சேரும்?

முதலில் பருவத்தைப் பார்ப்போம். மேல்நாட்டுத் தோட்ட நூல்கள் இலையுதிர் காலத்தை அறுவடையின் முடிவாகவும், குளிர்காலத்தை நிலம் உறங்கும் காலமாகவும் கூறும். அங்கே உறைபனி செடிகளைக் கொன்றுவிடும். நம் நாட்டுப் பருவமோ வேறு. பழந்தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. நமது கூதிர் வெள்ளத்தோடு வருகிறது. நமது முன்பனியோ இளவெயிலும் பனித்துளியுமாக, காய்கறிச் செடிகளுக்கு ஆண்டிலேயே மிக இனிய பருவமாக அமைகிறது. ஆகையால் மேல்நாட்டு அட்டவணையைப் பார்த்து இங்கே விதைப்பது பொருந்தாது. நம் ஊரின் மழையைப் பார்த்தே நாள் குறிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாகக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்ப் பகுதியைச் சேர்ந்த காவாந்தண்டலத்தை எண்ணிப் பாருங்கள். செய்யாற்றை அடுத்துள்ள சிற்றூர் அது. சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே காட்சி தரும் இவ்வாறு, வடகிழக்குப் பருவமழை வலுக்கும்பொழுது கரை தொட்டு ஓடும். இம்மாவட்டத்தில் ஓராண்டில் பெய்யும் மழையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. அதுவும் ஆண்டுதோறும் ஒரே அளவாகப் பெய்வதில்லை. 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் கொட்டிய பெருமழையில் இம்மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. அடுத்த ஆண்டாகிய 2016-இலோ பருவமழை பெரிதும் பொய்த்தது. டிசம்பர் 12-ஆம் நாள் வீசிய வர்தா புயல் மரங்களைச் சாய்த்துச் சென்றது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒருசேர ஆயத்தமாயிருப்பதே இப்பகுதித் தோட்டக்காரனின் முதற்கடமை.

இந்த உண்மையை இப்பகுதியின் பழைய ஊரார் நன்கறிந்திருந்தனர். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆளெடுத்த செய்தியை அவை விரிவாகக் கூறுகின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, சபையோர் நடுவே ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தனர். அவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் அமர்த்தப்பெற்றனர். அவர்களுடைய பதவிக்காலம் 360 நாள். இங்கே நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஆண்டு வாரியமாகிய சம்வத்சர வாரியத்துக்கு, முன்னரே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்து பழகியவர்களே எடுக்கப்பட்டனர். தோட்டத்தையும் நீரையும் காத்துப் பழகியவனே ஊரைக் காக்கத் தகுந்தவன் என்பது அவர்களுடைய கருத்துப் போலும்!

அந்த ஏற்பாட்டின் குறையையும் மறைக்க வேண்டுவதில்லை. அது அந்தணர் ஊராகிய சதுர்வேதிமங்கலத்தின் சபை. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், மறைக் கல்வியும் உடைய ஆடவருக்கே அதில் இடமிருந்தது. நிலத்தில் உழைத்தவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே ஓலை இல்லை. இன்றைய பள்ளித் தோட்டமோ எல்லாச் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் பொதுவானது. பழைய முறையில் நல்லதை எடுத்துக்கொண்டு, குறையை நாம் நிறைவு செய்யலாம். ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர்களே தங்களுக்கு ஒரு தோட்ட வாரியமும், ஒரு நீர் வாரியமும் அமைத்துக்கொள்ளலாம். விதையும் களையும் முன்னதன் பொறுப்பு. வாய்க்காலும் தண்ணீரும் பின்னதன் பொறுப்பு.

இனி வேலைக்கு வருவோம். புரட்டாசி முடிவதற்குள் நிலத்தைச் சீர்செய்துவிட வேண்டும். மழைக் காலத் தோட்டத்துக்குப் பள்ளப் பாத்தி ஆகாது, மேட்டுப்பாத்தியே வேண்டும். மூன்றடி அகலமும் பத்தடி நீளமும் கொண்டு, தரைமட்டத்துக்குமேல் அரையடி முதல் முக்காலடி வரை உயர்ந்து நிற்குமாறு பாத்தி கட்டுங்கள். அகலம் மூன்றடியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சிறுவர்கள் இருபுறமும் நின்றபடியே கை நீட்டிக் களை பறிக்கலாம். பாத்தியை மிதிக்க வேண்டியிராது. மிதிபட்ட மண்ணில் காற்றோட்டம் இல்லை. காற்றில்லாத மண்ணில் வேர் அழுகும். பாத்திகளுக்கு இடையே ஓடும் கால்கள் ஒரு வடிகாலில் சென்று கூடட்டும். மக்கிய தொழுவுரத்தை மேல்மண்ணோடு கலந்து விடுங்கள்.

உங்கள் மண் நீரை விரைவில் வடிக்குமா, தேக்குமா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஓரடி ஆழமும் ஓரடி அகலமும் உள்ள குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்தபின் மறுபடியும் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில மணி நேரத்தில் வடிந்தால் நல்ல தோட்டமண். மறுநாளும் நீர் நின்றால் அது களிமண் மிகுந்த நிலம். அங்கே பாத்தியை மேலும் உயர்த்த வேண்டும். பப்பாளியை அவ்விடத்தில் நடாதீர்கள். அதன் வேர் ஓரிரு நாள் நீர் தேங்கினும் தாங்காது.

ஐப்பசியின் நடுவிலிருந்து கார்த்திகையின் நடுவரை அடைமழைக் காலம். இக்காலத்தில் சிறிய விதைகளை வெட்டவெளியில் தூவினால் மழை அவற்றை அடித்துச் சென்றுவிடும். ஆகவே இது நேர் விதைப்புக்கு உரிய காலமன்று. போத்து நடுவதற்கும், நாற்று வளர்ப்பதற்கும் உரிய காலம். மூன்று நான்கடி நீளமுள்ள முருங்கைப் போத்துகளை மேடான இடத்தில் ஊன்றலாம். புயற்காற்றில் முருங்கைக் கிளை எளிதில் முறியுமாதலால், வகுப்பறைச் சுவருக்கும் நடைபாதைக்கும் எட்ட நடுவது நன்று. வேலியோரத்தில் அகத்தி விதைக்கலாம். நீர் கசியும் தாழ்ந்த மூலை ஒன்று ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கும். அதனைக் குறையாகக் கருத வேண்டா. பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் அந்த ஈரத்தையே விரும்பி வளரும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகிய மூன்றும் நாற்றுவிட்டு நடுவன. தக்காளி நாற்று 25 நாளிலும், கத்தரி நாற்று 30 முதல் 35 நாளிலும், மிளகாய் நாற்று 40 நாளிலும் நடவுக்கு ஆயத்தமாகும். கார்த்திகை நடுவில் மழை சற்றுத் தணிந்தபின் நடுவதானால், மிளகாயைப் புரட்டாசிக் கடைசியிலும், கத்தரியை ஐப்பசித் தொடக்கத்திலும், தக்காளியை ஐப்பசி நடுவிலும் நாற்றுவிட வேண்டும் என்பது கணக்கு. நாற்றங்காலை ஒரு கொட்டகையின் ஓரத்திலோ, மழைச் சாரல் விழாத தாழ்வாரத்திலோ தொட்டிகளில் அமைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வெளிச்சம் குறையக் கூடாது. விதையை நெருக்கமாகத் தூவினால், ஈரம் மிகுந்த நாட்களில் இளநாற்றின் தண்டு தரையை ஒட்டி அழுகிச் சாய்ந்துவிடும். நாற்றழுகல் என்று இதனைக் கூறுவர். கலக்க விதைப்பதும், அளவறிந்து நீர் விடுவதுமே இதற்கு முதல் மருந்து.

கார்த்திகை நடுவிற்கும் தைத் தொடக்கத்திற்கும் இடைப்பட்டதே பள்ளித் தோட்டத்தின் பொற்காலம். மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் சுடாது, இரவின் வெப்பம் 20 பாகை அளவுக்கு இறங்கும். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, பாலக்கீரை, வெந்தயக்கீரை, கொத்துமல்லி, முள்ளங்கி, வெண்டை, கொத்தவரை, காராமணி ஆகியவற்றை இக்காலத்தில் நேரே விதைக்கலாம். சின்ன வெங்காயத்தையும் ஊன்றலாம். கீரை விதை மிகச் சிறியது. ஒரு பங்கு விதையுடன் பத்துப் பங்கு மணலைக் கலந்து தூவினால் சீராக விழும். கொத்துமல்லியை மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். நாம் ஒரு விதை என்று நினைப்பது உண்மையில் இரு விதைகளை அடக்கிய ஒரு கனி. முட்டைக்கோசும் பூக்கோசும் நீலகிரிக் குளிரில் செழிப்பதுபோல் இவ்வூர்ச் சமவெளியில் செழிப்பதில்லை. ஓரிரு செடிகளைச் சோதனைக்காக வைத்துப் பார்க்கலாம். பாத்தி முழுவதையும் அவற்றுக்குத் தர வேண்டா.

இங்கே நம் இரண்டாம் வினா எழுகிறது. எத்தனை நாளில் பயன் தரும்? பள்ளித் தோட்டம் உழவர் தோட்டத்தினின்றும் இவ்வகையில் வேறுபடுகிறது. உழவருக்கு விடுமுறை இல்லை, பள்ளிக்கு உண்டு. டிசம்பர் இறுதியில் அரையாண்டு விடுமுறை. சனவரி நடுவில் பொங்கல் விடுமுறை. அதன்பின் ஆண்டுத் தேர்வும் கோடை விடுமுறையும். ஆகவே அறுவடை நாளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளைக் காண வேண்டும். முள்ளங்கிக்கு ஏறத்தாழ 45 நாள். பொங்கலுக்கு முன் அதனைப் பிடுங்க விரும்பினால் டிசம்பர் முதல் நாளையொட்டி விதைக்க வேண்டும். முளைக்கீரையும் சிறுகீரையும் 25 முதல் 30 நாளில் பறிப்புக்கு வரும். மூன்று பாத்திகளில் பத்து நாள் இடைவெளி விட்டு விதைத்தால், ஒரு பாத்தி ஒழியும்பொழுது மற்றொன்று ஆயத்தமாகும். வெண்டை 45 முதல் 50 நாளில் காய்க்கத் தொடங்கும். கார்த்திகையில் நட்ட தக்காளி தைக் கடைசியில் பழுக்கத் தொடங்கி, மாசி முழுவதும் பயன் தரும். இவை யாவும் தேர்வுக்கு முன் முடிந்துவிடும். தைப் பட்டத்தில் விதைக்கும் பூசணியும் சுரையுமோ, காய்த்து முற்றும் வேளையில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். அவை நல்ல பயிர்களே. எனினும் அவற்றை உங்கள் வீட்டுக் கொல்லையில் விதையுங்கள்.

அரையாண்டு விடுமுறையில் தோட்டத்தைக் காப்பதற்கு, ஊருக்குள்ளேயே இருக்கும் மாணவர்களை இருவர் இருவராக முறை வைத்து அமர்த்த வேண்டும். செடிகளின் அடியில் வைக்கோலைப் பரப்பினால் ஈரம் விரைவில் உலராது. பனிக் காலத்தில் காலையில் நீர் ஊற்றுவதே நன்று. இலை நனைந்தபடியே இரவைக் கழிப்பது பூஞ்சை நோய்களுக்கு இடம் கொடுக்கும். உணவு உண்டபின் கை கழுவும் நீரை ஒரு வாய்க்கால் வழியே வாழைக்கு விடலாம். கீரைப் பாத்திக்கு விடுதல் கூடாது.

தோட்டம் ஒரு பாடநூலுமாகும். அவரைக்காய் ஏன் மார்கழி, தை மாதங்களில் மிகுதியாகக் கிடைக்கிறது என்று சிந்தித்ததுண்டா? பழைய பந்தல் அவரை வகைகளை ஆடியில் விதைத்தாலும் புரட்டாசியில் விதைத்தாலும், பகற்பொழுது குறுகிய பின்னரே அவை பூக்கும். இப்பகுதியில் டிசம்பர் 21, 22-ஆம் நாட்களில் பகல் சுமார் 11 மணி 25 நிமிட அளவுக்குக் குறைகிறது. செடிகள் பகலின் நீளத்தை உணர்ந்து பூக்கின்றன என்பதை அமெரிக்க நாட்டு அறிஞர்களாகிய கார்னரும் அல்லார்டும் 1920-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கோடையில் பூக்காமல் ஓங்கி வளர்ந்துகொண்டேயிருந்த ஒரு புகையிலை வகையை, நாள்தோறும் சில மணி நேரம் இருட்டறையில் வைத்துப் பகலைக் குறைத்தனர், அது பூத்தது. சாமந்தியும் அவ்வாறே குறும்பகலில் பூப்பது. இக்காலத்துச் செடியவரை வகைகள் பல பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் காய்ப்பன. இரண்டையும் அருகருகே விதைத்து, பூத்த நாளைக் குறித்துவாருங்கள். புத்தகம் சொல்வதை உங்கள் கண்ணே சொல்லும்.

மற்றொரு பாடம் காராமணியின் வேரில் இருக்கிறது. பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மெல்லத் தோண்டி எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். சிறு முடிச்சுகள் காணப்படும். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக மாற்றுகின்றன. முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினுக்கு உறவான, இரும்புச்சத்து அடங்கிய ஒரு பொருளே அந்நிறத்துக்குக் காரணம்.

அந்த இரும்புச்சத்தின் செய்தி நம்மை மூன்றாம் வினாவிற்குக் கொண்டுசேர்க்கிறது. தோட்டத்தின் பயன் யாருக்கு? 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53 விழுக்காட்டினருக்கு மேல் இரத்தசோகை உடையவர்கள். கல்வியில் முன்னேறிய நம் மாநிலத்தில் இரண்டு பெண்களுக்கு ஒருவர் என்னும் அளவில் இக்குறை இருப்பது எளிதாக எண்ணத்தக்கதன்று. வகுப்பில் சோர்ந்து தலைசாய்க்கும் மாணவியைச் சோம்பேறி என்று கூறிவிடுகிறோம். அவளுடைய இரத்தம் வெளிறியிருப்பதை நாம் காண்பதில்லை. கீரை ஒன்றே இந்நோயைப் போக்கிவிடும் என்று சொல்லுதல் பொருந்தாது. தாவரங்களிலுள்ள இரும்புச்சத்தை உடல் சிறிதளவே ஏற்றுக்கொள்ளும். எலுமிச்சை, நெல்லி, தக்காளி போன்றவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி உடன் சேர்ந்தால் அது மிகுதியாக ஏற்கப்படும். உணவோடு தேநீர் பருகினால் குறையும். மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்குக் கீரை மாற்றாகாது. ஆனால் நாள்தோறும் துணை நிற்கும்.

நம் மாநிலத்தில் 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவியது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டங்கள் அமைப்பதற்கான நெறிமுறைகளை 2019-இல் நடுவண் அரசு வெளியிட்டது. ஆகவே தோட்டத்துக்கும் சமையற்கூடத்துக்கும் இடையே உள்ள சில அடித் தூரத்தைக் கடப்பதே நம் வேலை. கணக்கிட்டுப் பாருங்கள். நன்கு எருவிட்ட, மூன்றடிக்குப் பத்தடிப் பாத்தி ஒன்றில் ஒரு பறிப்புக்கு மூன்று கிலோ வரை முளைக்கீரை எதிர்பார்க்கலாம். ஒருவருக்கு 50 கிராம் என்றால் 60 மாணவர்க்கு ஒரு வேளைக் கீரை கிடைக்கும். இதனைச் சிறிது என்று யார் சொல்ல வல்லார்?

உண்ணும் பயிராதலால் நச்சு மருந்துகளைப் பள்ளி வளாகத்துக்குள் கொண்டுவருதல் அறவே கூடாது. 2013-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பீகார் மாநிலத்துச் சரண் மாவட்டத்தில், பூச்சிக்கொல்லி கலந்த எண்ணெயில் சமைத்த பள்ளி உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்டனர். அத்துயரத்தை நாம் மறத்தல் ஆகாது. பனிக் காலத்தில் அவரையிலும் காராமணியிலும் அசுவினி மொய்ப்பது இயல்பு. அதனைத் தின்னும் பொறிவண்டும் உடன் வரும்; அதற்குச் சில நாள் இடங்கொடுங்கள். மிகுதியாயின், 50 கிராம் வேப்பம்பருப்புத் தூளை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்பு நீர் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். பறிப்பதற்குச் சில நாள் முன்பே தெளிப்பதை நிறுத்தி, பறித்த கீரையை நன்கு கழுவிப் பயன்படுத்துங்கள்.

நிறைவாக ஒன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய நெருங்கிய உறவினருக்கும் மீண்டும் குடத்தில் ஓலை இடக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். உங்கள் தோட்டத்துக்கும் ஒரு கணக்கேடு வேண்டும். விதைத்த நாள், முளைத்த நாள், பெய்த மழை, பறித்த எடை, சமையற்கூடத்துக்குச் சென்ற அளவு ஆகியவற்றை அதில் எழுதிவையுங்கள். பட்டுப்போன பாத்தியையும் மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவனுக்கு விளைந்த பாத்தியைவிட அதுவே நன்றாக வழிகாட்டும். ஐந்தாண்டுக் கணக்கேடு சேர்ந்துவிட்டால், உங்கள் ஊர் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற பயிர் எது என்பதை எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாக அது கூறும். இந்த ஐப்பசியில் முதல் மேட்டுப்பாத்தியை உயர்த்தும் அன்றே அதன் முதல் வரியையும் எழுதத் தொடங்குங்கள்.